நகைப்புக்குரிய கடற்கொள்ளையனும் கொச்சிக் கடலும் – சிறுவர் படநூல் மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிறுவர் படநூல்களில் கடற்கொள்ளையன் நிலைபெற்றுவிட்ட ஒரு பாத்திரம். ஒரு கண்ணை மறைத்த கறுப்புத் துணி, தோளில் கிளி, இடையில் வளைவாள், கையில் புதையல் வரைபடம் ஆகியன அவனுக்குரிய அடையாளங்கள். நகைச்சுவைப் படநூல்களில் இவ்வடையாளங்கள் யாவும் இருக்கும். கொள்ளையடிக்கும் திறன் மட்டும் இராது. தன் வாளே காலை இடற விழுவதும், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிப்பதும், பிறர் கப்பலைப் பிடிக்கப்போய்த் தன் கப்பலை இழப்பதும் இத்தகைய கதைகளின் இயல்பு. ஆங்கிலத்தில் ஜான் ரையன் எழுதி வரைந்த கேப்டன் பக்வாஷ் இவ்வகைக்குத் தக்க சான்று. 1950இல் ஈகிள் என்னும் சிறுவர் இதழில் தோன்றிய இப்பாத்திரம் 1957இல் படநூலாகவும் பிபிசி தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தன்னை மாவீரன் என்று எண்ணிக்கொள்ளும் கோழையாகிய பக்வாஷை ஒவ்வொரு முறையும் காப்பாற்றுவது அவன் கப்பலின் சிறுவனாகிய டாமின் அறிவே.

இத்தகைய பாத்திரம் எங்கிருந்து வந்தது? தமிழ்ச் சிறுவர் இலக்கியம் தன் கடலிலிருந்து ஏன் இப்படியொருவனை உருவாக்கவில்லை? இவ்விரு வினாக்களையும் கொச்சிக் கடலை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மேலைநாட்டுப் படநூலின் புதையலுக்கும் கிளிக்கும் மலபார்க் கரையோடு தொடர்பு உண்டு என்பதும், அதே கரையில் கடற்கொள்ளையர் எனப் பெயரிடப்பட்டவர்கள் நகைப்புக்கு ஆளாகாமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அச்சத்திலிருந்து நகைப்புக்கு

கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்னும் பெயரில் 1724இல் இலண்டனில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாறு, தூக்கிலிடப்பட்டோரின் வாழ்க்கையைத் திரட்டித் தந்தது. அச்சமும் ஆர்வமும் ஒருங்கே ஊட்டிய அந்நூல் பிற்காலக் கதைகளுக்கு ஊற்றாயிற்று. 1879இல் கில்பர்ட், சல்லிவன் ஆகிய இருவரும் அரங்கேற்றிய பென்சான்சின் கடற்கொள்ளையர் என்னும் இசைநாடகம், இரக்க மனத்தால் தொழிலில் தோற்கும் கொள்ளையரை மேடையேற்றியது. ஸ்டீவன்சனின் புதையல் தீவு 1883இல் நூலாயிற்று. 1904இல் ஜே. எம். பாரி எழுதிய பீட்டர் பான் நாடகத்தில், ஒழுக்கமுறை பற்றி ஓயாது கவலைப்படுபவனும் முதலைக்கு அஞ்சி ஓடுபவனுமாகிய கேப்டன் ஹூக் தோன்றினான். பிரெஞ்சுப் படக்கதையான ஆஸ்டெரிக்சில் வரும் கொள்ளையர் தம் கப்பலைத் தாமே மூழ்கடித்துக்கொள்ளும் நிலைக்கும் சென்றனர். பக்வாஷ் இந்த வரிசையில் வந்தவன்.

இவ்வளர்ச்சியில் புதையல் தீவின் இடம் தனியே நோக்கத்தக்கது. ஒற்றைக்கால் சில்வரின் தோளில் அமர்ந்திருக்கும் கிளியை இன்று எல்லாக் குழந்தைகளும் அறிவர். அக்கிளி பயணம் செய்த இடங்களைச் சில்வர் அடுக்கிச் சொல்லும்போது மடகாஸ்கரை அடுத்து மலபாரைக் குறிப்பிடுகிறான். கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கீசிய ஆளுநரின் கப்பல் கைப்பற்றப்பட்டதையும் அது கண்டதாகக் கூறுகிறான். கரீபியக் கடலுக்கே உரியதாகக் கருதப்படும் கதைமரபு, இந்தியக் கடலின் நினைவைத் தன்னுள் கொண்டுள்ளது என்பதற்கு இஃது அகச்சான்று. இந்நினைவு வெறுங்கற்பனை அன்று. அதன் பின்னே 1698ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உள்ளது.

கொச்சிக் கடலில் வில்லியம் கிட்

ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கிட், கடற்கொள்ளையரைப் பிடிக்கவும் பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றவும் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியமின் ஆணை பெற்று 1696இல் அட்வெஞ்சர் கேலி என்னும் கப்பலில் புறப்பட்டவர். இப்பயணத்தில் இங்கிலாந்தின் பெருமக்கள் சிலர் முதலீடு செய்திருந்தனர். கொள்ளையரைப் பிடிக்கச் சென்றவர் கொள்ளையராகக் கருதப்பட்ட கதை மலபார்க் கரையில் முதிர்ந்தது. கப்பலில் நீர் கசிந்தது. கொள்ளைப் பொருள் கிடைக்காமையால் மாலுமிகள் முணுமுணுத்தனர். செங்கடலில் பயணியர் கப்பற்கூட்டத்தைத் தாக்க முயன்று தோல்வியுற்றார். 1697 அக்டோபரில் வில்லியம் மூர் என்னும் பீரங்கியாளரோடு வாக்குவாதம் மூண்டபோது கிட் இரும்புப் பட்டையிட்ட வாளி ஒன்றால் அவர் தலையில் அடித்தார். மறுநாள் மூர் இறந்தார்.

1698 சனவரி 30 அன்று கொச்சிக்கு அருகிலுள்ள கடற்பகுதியில் கெடா மெர்ச்சண்ட் என்னும் பெருங்கப்பலைக் கிட் கைப்பற்றினார். வங்காளத்திலிருந்து சூரத்துக்குச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் ஆர்மீனிய வணிகரின் சரக்கும் முகலாய அரசவையைச் சார்ந்த ஒருவரின் சரக்கும் இருந்தன. பட்டு, மசுலின் துணி, சர்க்கரை, அபினி, இரும்பு, வெடியுப்பு ஆகியவை அதில் ஏற்றப்பட்டிருந்தன. தலைவராக இருந்தவர் ஓர் ஆங்கிலேயர். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி அவரை ஏமாற்றவே, அவர் தரப்பில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு காட்டப்பட்டது. அச்சீட்டையே தம் செயலுக்கு நியாயமாகக் கிட் பற்றிக்கொண்டார். சரக்கில் ஒரு பகுதியை மலபார்க் கரையிலேயே விற்றார்.

இதன் விளைவு சூரத்தில் உணரப்பட்டது. முகலாய அரசு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பொறுப்பாக்கியது. தம் வணிகத்துக்கு ஊறு நேர்வதை அஞ்சிய கம்பெனி, கிட்டைத் தண்டிக்குமாறு இலண்டனில் வற்புறுத்தியது. 1699இல் பாஸ்டனில் சிறைப்பட்ட கிட், 1701 மே 23 அன்று இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் தூக்கிலிடப்பட்டார். முதல்முறை கயிறு அறுந்துபோக, இரண்டாம்முறை தூக்கிலிடப்பட்டார். அவர் நம்பியிருந்த பிரெஞ்சுச் சீட்டுகள் விசாரணையின்போது நீதிமன்றத்துக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆவணங்களிடையே அவை கண்டெடுக்கப்பட்டன. கரீபியக் கடலில் கிட் விட்டுச்சென்ற கெடா மெர்ச்சண்டின் எச்சம் 2007இல் டொமினிக்கன் குடியரசின் கத்தலீனாத் தீவருகே கண்டறியப்பட்டது.

சிறைப்படுவதற்கு முன் நியூயார்க்கை அடுத்த கார்டினர் தீவில் கிட் ஒரு பகுதிப் பொருளைப் புதைத்துவைத்தார். அது விரைவில் தோண்டி எடுக்கப்பட்டது. எனினும் மீதிப் புதையல் எங்கோ உள்ளது என்னும் நம்பிக்கை வளர்ந்தது. அந்நம்பிக்கையை வைத்து எட்கர் ஆலன் போ 1843இல் தங்க வண்டு என்னும் கதையை எழுதினார். அக்கதைக்குத் தாம் கடன்பட்டிருப்பதைப் புதையல் தீவின் ஆசிரியரே ஒப்புக்கொண்டுள்ளார். ஆக, படநூற் கொள்ளையன் தேடி அலையும் புதையலின் மரபு, கொச்சிக் கடலில் பறிக்கப்பட்ட இந்தியச் சரக்குவரை பின்னோக்கிச் செல்கிறது.

கிட்டின் வாழ்வுக்கும் படநூலுக்கும் உள்ள ஒப்புமையும் சிந்திக்கத்தக்கது. கசியும் கப்பல், கட்டளைக்கு அடங்காத மாலுமிகள், கைநழுவும் இரை, கோபத்தில் எடுத்த வாளி ஆகியவை படநூலில் சிரிப்புக்கான கருவிகள். அவரது வாழ்விலோ அவை ஒருவரின் கொலைக்கும் மற்றொருவரின் தூக்குக்கும் காரணமாயின. கிட் தூக்கிலிடப்பட்டதற்கும் பென்சான்சு நாடகம் அரங்கேறியதற்கும் இடையே 178 ஆண்டுகள் உள்ளன. காலத்தின் தொலைவு அச்சத்தை நகைப்பாக்கியது என்று கூறத் தோன்றும். அவ்விளக்கம் முழுமையானதா என்பதை அறிய அதே கடலின் முந்தைய நூற்றாண்டை நோக்க வேண்டும்.

சீட்டும் கொள்ளையும்

சங்க இலக்கியத்தில் வழிப்பறி செய்வோர்க்கு ஆறலை கள்வர் என்னும் பெயர் வழங்குகிறது. கடலில் கப்பலை மறிப்போர்க்கு அத்தகைய தனிப்பெயர் அங்கு நிலைபெறவில்லை. கடல் நடுவே கடம்ப மரத்தைக் காவல்மரமாகக் கொண்டிருந்தோரைச் சேரன் நெடுஞ்சேரலாதன் வென்று, அம்மரத்தை வெட்டி முரசு செய்த செய்தியைப் பதிற்றுப்பத்தும் அகநானூறும் தருகின்றன. அவர்களைக் கடற்கொள்ளையர் எனக் கொள்வது ஆய்வாளர்தம் விளக்கம். முசிறித் துறைமுகத்துக்கு அருகே கடற்கொள்ளையர் இருந்தமையைக் கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய ஆசிரியர் பிளினி குறிப்பிடுவது இவ்விளக்கத்துக்குத் துணையாகக் கொள்ளப்பட்டது. பாடல், வெற்றி பெற்ற அரசனைப் புகழ்கிறது. குறிப்பு, மிளகுக்கு வந்த வணிகரின் அச்சத்தைப் பதிவுசெய்கிறது. கடம்ப மரத்துக்கு உரியவர்களின் கூற்று எதிலும் இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் இந்நிலை ஆவண வடிவம் பெற்றது. 1500 டிசம்பரில் கப்ரால் கொச்சிக்கு வந்தபோது, கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மேலாண்மையிலிருந்து விடுபட விரும்பிய கொச்சி அரசர் போர்த்துக்கீசியரோடு நட்புக் கொண்டார். 1503இல் கொச்சியில் போர்த்துக்கீசியர் கோட்டை எழுப்பினர். 1530இல் தலைமையிடம் கோவாவுக்கு மாற்றப்படும்வரை கொச்சியே அவர்தம் இந்திய ஆட்சியின் மையமாக இருந்தது. மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தவர்களும் அவர்களே. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைப் புதுப்பித்தமையால் அது டச்சு அரண்மனை எனப் பெயர்பெற்றது. பெரும்படப்பு சுவரூபம் எனப்படும் அவ்வரச குடும்பம் பின்னர்த் திருப்பூணித்துறையில் நிலைகொண்டது. அங்கு 1865இல் எழுந்த மலை அரண்மனை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அவ்வரியணையின் வரலாறு, கடலில் யார் அரசர், யார் கொள்ளையர் என்னும் வினாவோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்தது.

போர்த்துக்கீசியர் கர்த்தாஸ் என்னும் அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தினர். கப்பலின் அளவு, தலைவன் பெயர், ஏற்றிய ஆயுதம், சேருமிடம் ஆகியவை அதில் எழுதப்பட்டன. மிளகு முதலிய சில சரக்குகள் விலக்கப்பட்டன; போர்த்துக்கீசியத் துறையில் சுங்கம் செலுத்தும் கட்டாயமும் விதிக்கப்பட்டது. சீட்டு இல்லாத கப்பல் பறிமுதலுக்கு உரியதாயிற்று. நட்புக் கொண்ட அரசர்களும் சீட்டுப் பெற்றே கப்பல் விட வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளாக எவர் அனுமதியும் கேளாது இக்கடலில் வணிகம் செய்தவர்கள் ஒரு தாளின் வரவால் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆயினர். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய மீரி என்னும் பயணியர் கப்பலை வாஸ்கோ ட காமா கொள்ளையிட்டு, அதிலிருந்த நூற்றுக்கணக்கானோருடன் எரித்த செயல் அரசப் பணியாகக் கருதப்பட்டது. அதை எதிர்த்தவர் செயல் கடற்கொள்ளை எனப்பட்டது. போர்த்துக்கீசியர் கப்பல்களைப் பறித்த கொடுமைகளைப் பொன்னானியைச் சார்ந்த ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் தம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் அரபு நூலில் பதிவுசெய்துள்ளார்.

சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகிய குஞ்ஞாலி மரைக்காயர் நால்வர் வரலாறும் இச்சூழலில் வைத்தே அறியத்தக்கது. சிறிய, விரைவான படகுகளால் பெருங்கப்பல்களைச் சூழ்ந்து தாக்குவது அவர்தம் போர்முறை. நான்காம் குஞ்ஞாலி தன்னுரிமை கொண்டாடத் தொடங்கியபோது சாமூதிரி போர்த்துக்கீசியரோடு கைகோத்தார். 1599இல் இரிங்கல் அருகிலுள்ள மரைக்காயர் கோட்டைமீது நடந்த தாக்குதல் தோற்றது. 1600இல் கோட்டை வீழ்ந்தது. சாமூதிரியிடம் அடைக்கலமாக வாளை ஒப்படைத்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கீசியத் தளபதி பிடித்துச் சென்றார். கோவாவில் அவர் தலை வெட்டப்பட்டது. அத்தலை உப்பிடப்பட்டுக் கண்ணூருக்கு அனுப்பப்பெற்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அவரது பெயர் பின்னர் அடைந்த மாற்றம் அறியத்தக்கது. ஓ. கே. நம்பியார் 1955இல் வெளியிட்ட நூலுக்குப் போர்த்துக்கீசியக் கடற்கொள்ளையரும் இந்தியக் கடலோடிகளும் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, பெயரீட்டையே திருப்பி நிறுத்தினார். அவர் 1963இல் வெளியிட்ட நூலின் தலைப்பு குஞ்ஞாலிகளைக் கோழிக்கோட்டின் கடற்படைத் தலைவர்கள் என்றது. 1967இல் மலையாளத் திரைப்படம் வந்தது. 2000இல் இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டது. மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று அவர் பெயர் தாங்கியுள்ளது. 2021இல் பிரியதர்ஷன் இயக்கிய படம் தமிழிலும் திரையிடப்பட்டது. குஞ்ஞாலி இறந்து நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் இவற்றுள் ஒன்றும் அவரை நகைப்புக்கு உரியவராக்கவில்லை. காலத்தொலைவே நகைப்பைத் தோற்றுவிக்கும் என்னும் விளக்கம் இங்குப் பொருந்தாமை தெளிவு.

தமிழ்க் கரையின் மற்றொரு பார்வை

குஞ்ஞாலியை வீரர் எனக் கொள்வதும் எல்லாக் கரைகளுக்கும் பொதுவன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில், இலங்கையின் மாயாதுன்னைக்கு உதவ வந்த மரைக்காயர் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். அப்போரில் கோழிக்கோட்டுக்குத் தோல்வியாக அமைந்தது பரதவர்க்குக் காப்பாக அமைந்தது.

இப்பரதவர்க்கிடையே வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக்கி அடிகளார் மொழிபெயர்த்த கிரிசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியில் அச்சிடப்பட்டது. முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தை அடுத்து வந்த தமிழ் நூல் இது. வினாவிடை வடிவில் அமைந்த இதன் போர்த்துக்கீசிய மூலத்தை எழுதியவர் மார்க்கோஸ் ஜோர்ஜ். சிறுவர்க்குக் கற்பிக்கும் நோக்கில் அம்மூலம் இயற்றப்பட்டது என்பது நம் ஆய்வுப் பொருளுக்கு இன்றியமையாதது. சிறுவர் கல்விக்கெனப் பிறந்த ஒரு நூல் தமிழில் அச்சேறிய நகரம், கடற்கொள்ளை என்னும் சொல்லைச் சட்டமாக்கியோரின் நகரமாகவும் இருந்தது. அந்நூலை ஓதிய பரதவச் சிறுவனுக்கும் பொன்னானி மரைக்காயர் வீட்டுச் சிறுவனுக்கும் கடற்கொள்ளையன் என்ற சொல் ஒரே ஆளைச் சுட்டியிராது.

தமிழ்ச் சிறுவர் நகைச்சுவையும் கள்வனும்

தடுமாறும் கள்வனைக் கண்டு சிரிக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தென்னாலிராமன் வீட்டுக்கு வந்த திருடர்கள், நகைப்பெட்டி கிணற்றில் உள்ளது என நம்பி இரவெல்லாம் நீர் இறைக்க, தோட்டம் பாய்ந்த கதையை அறியாத தமிழ்ச் சிறுவர் அரியர். வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் சீடர்களும் அவர்தம் குருவும் தலைமையையே நகைப்புக்கு ஆளாக்கினர். பக்வாஷ் என்னும் தலைவனின் உள்ளீடும் இதுவே. ஆயின் தென்னாலிராமனின் திருடர்களும் பரமார்த்தரின் சீடர்களும் நிலத்தில் தடுமாறுகின்றனர்; கடலுக்குச் செல்வதில்லை.

தமிழ்ச் சிறுவர் வாசிப்பில் கடற்கொள்ளையன் பெரும்பாலும் பிறமொழிப் படக்கதை வழியே நுழைந்தான். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய வேதாளர் கதையில், முதல் வேதாளரின் தந்தையைக் கொல்வோர் சிங் எனப் பெயரிடப்பட்ட கடற்கொள்ளைக் கூட்டத்தினர். 1964இல் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸ், இந்தியச் சமூகப் பெயரோடு ஒத்த அச்சொல்லைச் சிங்கா என மாற்றியது. வில்லனின் பெயரும் நாட்டின் பெயரும்கூட மாற்றப்பட்டன. கொள்ளையனுக்கு எப்பெயர் சூட்டப்படுகிறது என்பது இளம் வாசகரிடம் விளைவை உண்டாக்கும் என்பதை உணர்ந்தே பதிப்பாளர் இவ்வாறு செய்தனர் எனக் கொள்வது பொருந்தும். வேதாளர் கதையின் கொள்ளையர் அச்சத்துக்கு உரியவர். நகைப்புக்கு உரியவரல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இச்சான்றுகளை ஒருசேர வைத்து நோக்கின் ஒரு பொதுமை புலப்படுகிறது. கிட் தம் நாட்டு மன்னரின் ஆணை பெற்றவர்; தம் நாட்டு நீதிமன்றத்தில் தம் மொழியில் விசாரிக்கப்பட்டவர். அத்தீர்ப்பு நியாயமானதா என்னும் ஐயம் எழுந்தபோதும் அஃது ஆங்கிலேயர் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் வழக்காகவே இருந்தது. தென்னாலிராமனின் திருடர்கள் திருடர்கள் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அங்கெல்லாம் சிரிப்பு இயன்றது. குஞ்ஞாலியின் வழக்கோ தீர்ப்பு மட்டும் பெற்று விசாரணை பெறாதது. கோவாவில் தீர்ப்பளித்தவரும் கொண்டாடியவரும் வேறு, இழந்தவர் வேறு. முடியாத வழக்கின் நடுவே சிரிப்பு எழுவதில்லை.

தொகுப்புரை

நகைச்சுவைப் படநூலின் கடற்கொள்ளையன் கரீபியக் கடலுக்கு மட்டும் உரியவன் அல்லன். அவன் தேடும் புதையல் 1698இல் கொச்சிக் கடலில் நிகழ்ந்த கொள்ளையோடும், அவன் தோளிலுள்ள கிளி மலபார்ப் பயணத்தோடும் தொடர்புடையன.

கடற்கொள்ளை என்னும் பெயரீட்டில் தாளின் பங்கு பெரிது. கர்த்தாஸ் இல்லாமையால் மலபார்க் கடலோடிகள் கொள்ளையராயினர்; கையிலிருந்த சீட்டு நீதிமன்றத்தை எட்டாமையால் கிட் கொள்ளையரானார்.

கொடியவனை நகைப்புக்குரியவனாக மாற்றுவது காலத்தொலைவு மட்டுமன்று. அவனைப் பற்றிய வழக்குச் சமூகத்துக்குள் முடிந்திருத்தலும் வேண்டும். தமிழ், மலையாளக் கரைகளில் அவ்வழக்கு முடியாமையே இங்குத் தடுமாறும் கடற்கொள்ளையன் தோன்றாமைக்குக் காரணம்.

பிறமொழிப் படநூல்களைத் தமிழாக்குவோரும் புதிதாக எழுதுவோரும் கருத வேண்டியது ஒன்று உண்டு. கண்துணியும் கிளியும் கொண்ட கொள்ளையனை அப்படியே மலபார்க் கடலில் இறக்கி, அவனுக்கு இவ்வூர்ப் பெயர் சூட்டினால், கோவாத் தீர்ப்பைக் குழந்தை சிரித்துக்கொண்டே ஏற்கும் நிலை வரும். பரமார்த்த குரு கதை தந்த மரபு வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கு நகைப்பு, அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிச் செல்கிறது. கடலையே தன் உடைமை எனக் கருதி, அலையோடு வரும் ஒவ்வொரு தோணியையும் மறித்துச் சீட்டுக் கேட்டு, தன் சீட்டை நீரில் நழுவவிட்டுத் தடுமாறும் ஓர் அதிகாரியே நம் கடலுக்கு ஏற்ற நகைச்சுவைப் பாத்திரமாக அமையக்கூடும். அவனைக் கண்டு பொன்னானிச் சிறுவனும் முத்துக்குளித்துறைச் சிறுவனும் ஒருங்கே சிரிக்க இயலும்.